இராஜகுமாரி கேட்ட அல்பங்கள்

நாலே முக்கால். இந்த எண்ணை மனதில் வையுங்கள். கசற்றின் நாடா ஒரு செக்கனுக்கு நாலே முக்கால் சென்ரிமீற்றர் ஓட வேண்டும். கூடினால் பாடுகிறவன் கோழிக்குஞ்சு போலக் கீச்சிடுவான். குறைந்தால் மாடு போல இழுப்பான். உலகம் முழுவதும் இதுதான் கணக்கு. யுத்தகால யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு நிற்கவில்லை. அதனால் கண்டியில் ஒரு பெண் சிறைக்கு உள்ளே போனாள்.

அவள் பெயர் இராஜகுமாரி. மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா கறுப்பையா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா நல்லம்மா கொழுந்து பறித்தார். அம்மா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினார், அப்பா மாறவில்லை. தீபாவளியும் நத்தாரும் தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் சண்டையில்லாமல் நடந்தன. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கண்டிக்கு வந்து மகியாவையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு சாஹுல் ஹமீதின் ரெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தாள். வெற்றுக் கசற்றைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருகிற கடை அது. எங்கள் தோட்டத் தொழிற்சங்கக் கூட்டப் பேச்சுகளைத் தோட்டங்களுக்கு அனுப்ப நாங்களும் அங்கேதான் பிரதி எடுத்தோம்.

என் பேச்சு ஒன்றைப் பதிந்து முடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமலே அவள் என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, கத்த வேண்டியத எல்லாம் மொதல்லயே கத்திப்புட்டீங்க. பின்னுக்குக் கேக்குறவன் கொட்டாவி விடுவான்."

நான் முறைத்தேன். சாஹுல் ஹமீது சிரித்தார். இருக்கு என்பது அவர் பேச்சில் ஈக்கி. "கோவிக்க வாணாம் தோழர். இந்தப் புள்ளைக்குக் கடைக்கு வார எல்லாத்துக்கும் ஒரு தீர்ப்பு ஈக்கி. எனக்கும் ஈக்கி. அத நான் கேக்கிறல்ல."

அவள் மற்ற எல்லாவற்றையும் விடக் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது கிறிஸ்தவ ரொக் அல்பங்களுக்கு. யேசுவைப் பற்றி, மின்சாரக் கிற்றாரும் டிரம்ஸும் போட்டு வெள்ளைக்காரர் கத்திப் பாடுகிற பாட்டுகள். வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வந்துபோகிறவர்கள் விட்டுச் செல்வார்கள். பேராதனையில் படிக்கிற பிள்ளைகள் பிரதி எடுக்கக் கொண்டுவருவார்கள். கண்டியில் அதைக் கேட்டவர்களே கொஞ்சப் பேர். கேட்டுவிட்டுச் சண்டை பிடித்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி இராஜகுமாரி, மற்றவள் கமலாசனி. யாழ்ப்பாணத்துக்காரி, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர், இராஜகுமாரி போகும் அதே சபைக்குப் போகிறவள், வயதும் ஏறக்குறைய ஒன்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறைக்கு வந்துவிடுவாள். ஒரு ஹெட்போனை இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு நியாயம் பேசுவார்கள்.

"மூணாவது பாட்டுலயே இந்தாளுக்கு எல்லாம் சரியாப் போச்சு. கண்ணீர் தொடைச்சாச்சு, பாவம் கழுவியாச்சு. அப்புறம் எதுக்கு இன்னும் ஏழு பாட்டு?" என்பாள் இராஜகுமாரி.

"நீர் சத்தத்தை மட்டும் கேக்கிறீர். வசனத்தைக் கேளும். அஞ்சாவது பாட்டில அவனுக்குத் திரும்பச் சந்தேகம் வருது."

"பாடுறவனுக்கு வருது. டிரம்ஸ்காரனுக்கு வரலியே. அவன் ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு நேரமாச்சுன்னுல்ல அடிக்கிறான்."

"உமக்கு இங்கிலிஷ் பாதிதான் விளங்குது, அதுதான் மேளகாரனோட மினக்கெடுறீர்."

"ஒனக்கு முழுசா வெளங்குது. அதான் ஏமாந்து போற."

இன்னொரு அல்பத்தைப் பற்றி இராஜகுமாரி சொன்னது எனக்கு மறக்காது. "தொரை வாற அன்னிக்கு முன்பக்கம் மட்டும் வெள்ளையடிச்ச லயம் மாதிரி இருக்கு. மொதப் பாட்டுல கிட்டாரு. உள்ள போனா பூரா ஜெபக்கூட்டம்."

சபையின் போதகர் நேசையாவுக்கு இது பிடிக்கவில்லை. டிரம்ஸ் அடிக்கிற இடத்தில் சாத்தான் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பான் என்று ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது இராஜகுமாரி அவரிடமே சொன்னாள். "எங்க லயத்துக்குச் சாத்தான் வந்தப்ப டிரம்ஸ் அடிக்கல ஐயா. இந்தியாவுக்கு ஏத்துற கடுதாசிய நீட்டிக்கிட்டு, செருப்புச் சத்தங்கூட இல்லாமத்தான் வந்தான்." தோட்டத்துத் தமிழரைக் குடியுரிமை இல்லை என்று இந்தியாவுக்குக் கப்பலேற்றிய காலத்தைத்தான் சொன்னாள். போதகர் கையை எடுத்துக்கொண்டார்.

எண்பத்து மூன்று ஜூலை. கண்டியில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கிய அன்று இராஜகுமாரியோடு கமலாசனியும் பின்னறையில் இருந்தாள். சாஹுல் ஹமீது தகரக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் வந்து நின்றது. உள்ளே தமிழர் இருக்கிறார்களா என்று கேட்டது. இல்லை என்றார். மெஷின் மட்டும் ஓடுகிறதே என்று ஒருவன் கேட்டான். மெஷின் முஸ்லிம் மெஷின் என்றார். அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் கூட்டம் அடுத்த கடைக்கு நகர்ந்தது. அடுத்த கடை எரிந்தது.

கமலாசனியின் வாடகை அறையும் எரிந்தது. லண்டனிலிருந்து அவளுடைய அண்ணன் அனுப்பிய அல்பங்கள் எல்லாம் உருகி ஒரே கட்டியாகிக் கிடந்தன. அகதி முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு யாழ்ப்பாணம் போனவள் திரும்பி வரவில்லை. அங்கே பொன்னுத்துரை என்பவரைக் கட்டிக்கொண்டாள்.

சண்டை மட்டும் நிற்கவில்லை. ஓர் அல்பம் ஒரு கசற்றை முழுதாக நிரப்பாது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கொஞ்சம் வெற்று நாடா மிஞ்சும். கடைக்காரர்கள் அதை வால் என்பார்கள், அதில் ஏதாவது சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்புவார்கள். இராஜகுமாரி அந்த வாலில் தன் தீர்ப்பைப் பேசிப் பதிந்தாள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் கையில் கசற்றைக் கொடுத்துவிட்டாள். கமலாசனி அதைக் கேட்டாள், அதே வாலின் மேல் தன் பதிலைப் பேசினாள், வருகிறவர்கள் கையில் அனுப்பினாள். புதியது பழையதை அழித்துவிடும். கடைசியாகப் பேசியவளின் குரல் மட்டும்தான் மிஞ்சும். இரண்டு பேரும் அதற்காகவே விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றறி கொண்டுபோகவும் அரசாங்கத் தடை. போராளிகள் அதில் குண்டு செய்வார்களாம். ஒரு சிறிய பற்றறி பையில் அகப்பட்டாலே ஆளை இறக்கிக் கொண்டுபோனார்கள். அங்கே சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவும் கசற் மெஷினும் ஓட்டினார்கள். கமலாசனி வீட்டில் சுற்றியவர் பொன்னுத்துரை.

தொண்ணூற்றிரண்டு முடிகிற நேரத்தில் அந்த அல்பம் கடைக்கு வந்தது. வெறும் சாம்பல் நிற அட்டை. வடக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டு ஆட்கள் நாலு பேர். பாடுகிறவனின் பிள்ளை இறந்த பிறகு செய்தது என்று கொண்டுவந்தவர் சொன்னார். எட்டுப் பாட்டு. ஒன்றிலும் ஆறுதல் இல்லை. கடைசிப் பாட்டின் நடுவில் டிரம்ஸ் நின்றுவிடும். பாடுகிறவன் நிறுத்தாமல் தனியாகப் பாடிக்கொண்டு போவான். இராஜகுமாரி அதை ஒரு கிழமை முழுக்கக் கேட்டாள். வாலில் இப்படிப் பேசினாள்: "இதுல யாரும் யாரையும் தேத்தல கமலா. அதனால நம்பலாம். நான் கேட்டதுலயே உண்மையான அல்பம் இதுதான். நீ என்னா சொல்ற?"

பதில் வர மாதங்கள் பிடித்தன. நான் கடையில் இருந்தபோதுதான் போட்டுக் கேட்டாள். கமலாசனியின் குரல் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல் போல, அவசரம் அவசரமாக வந்தது.

"என்னப்பா இது? பாடுறவன் நித்திரைக் குளிசை போட்டவன் மாதிரிக் கிடக்கிறான். டிரம்ஸ் அடிக்கிறவர் படி ஏற ஏலாத கிழவர். இதுவோ உம்மட உண்மையான அல்பம்? கரண்டோட இருந்து உமக்குக் காது கெட்டுப் போச்சு." பின்னாலிருந்து பொன்னுத்துரையின் குரல்: "கெதியாச் சொல்லி முடியும், கை உளையுது!"

"யாரு புள்ள அது, கிளியா?" என்று சாஹுல் ஹமீது சிரித்தார்.

இராஜகுமாரி சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு சாஹுல் ஹமீதிடம் சொன்னாள், அவரை அவள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். "அங்க மெஷினு மெதுவா ஓடுது நானா. மெதுவா ஓடுனதுல பேசுனதுனாலதான் இங்க கிளி மாதிரி வருது. அவ கேட்டது அந்த அல்பமே இல்ல."

"அதுக்கு என்ன செய்யிற? விட்டுப் போடு."

"பாடத் தெரியாதவன்னு நெனைச்சாப் பரவால்ல. செத்த புள்ளைக்கு அழுவுறவன அவ தூங்குமூஞ்சின்னு சொல்லிட்டு இருக்கா."

விட்டிருக்கலாம். விடவில்லை.

தொண்ணூற்று மூன்று தொடக்கத்தில் கமலாசனியின் அம்மா இராசமணி கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கண்டிக்கு வந்தார். அங்கே போராளிகளிடம் ஒரு பாஸ், இங்கே ஆமியிடம் ஒரு பாஸ், நடுவில் கடலேரிப் படகு. வந்து, சிகிச்சை முடிந்து, இராஜகுமாரியின் அறையிலேயே தங்கினார். இராஜகுமாரி வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அவர் கண்ணுக்கு மருந்து விட்டாள். "என்ர பிள்ளை கூட இப்பிடிப் பாராள்" என்று கிழவி அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தார்.

அவர் திரும்பிப் போகும்போது இராஜகுமாரி நாலு சோடி கித்துள் கருப்பட்டி கட்டிக் கொடுத்தாள். கண்டியில் கித்துள் பனையின் கருப்பட்டியைச் சிரட்டையில் ஊற்றி எடுத்து, இரண்டு பாதியை முகம் பார்க்க வைத்து, வாழைச் சருகால் சுற்றிக் கட்டி விற்பார்கள். ஊருக்குப் போகிறவர்கள் வாங்கிப் போகிற சாமான். இராஜகுமாரி ஒவ்வொரு சோடியையும் அவிழ்த்து, உள்ளே கரண்டியால் குடைந்து, ஒரு பெரிய பற்றறியை வைத்து, பழையபடி கட்டினாள். நாலு பற்றறி, கமலாசனியின் மெஷினுக்கு. அந்த அல்பத்தைப் புதிதாகப் பதிந்த கசற் ஒன்று பையின் மேலே கிடந்தது. கசற்றுக்குத் தடை இல்லை.

கிழவியிடம் அவள் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொல்லாமல் விட்டாள். விசயம் தெரிந்தவரின் முகம் சோதனைச் சாவடியில் காட்டிக்கொடுக்கும், தெரியாதவரின் முகம் பயப்படாது என்று கணக்குப் போட்டாள். நியாயமான கணக்கு. அதில் ஒன்றை மறந்தாள். உள்ளே இருப்பது தனக்குத் தெரியாத பொதியை மனிதர் தாராளமாகக் கொடுப்பார்கள்.

நடந்ததைக் கொண்டுவந்தவர் தேவராசா. கண்டியில் வியாபாரம் செய்த யாழ்ப்பாணத்துக்காரர். இராசமணியோடு அதே பஸ்ஸில் வவுனியா போய், சோதனைச் சாவடியில் அதே வரிசையில் நின்று, பயந்து திரும்பி வந்தவர். கடைக்குள் வந்து ஸ்டூலில் இருந்தார். தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை.

"பையைப் பாத்த ஆமிப் பெடியன் கண்டிப் பக்கத்தான் போல. கருப்பட்டியைக் கண்டோடன சிரிச்சவன். எங்கட ஊர்ச் சாமான் எண்டு கையில எடுத்து மணந்து பாத்தவன். மனிசிக்குச் சிங்களம் தெரியாது. எண்டாலும் விளங்கிட்டுது. 'உனக்குத்தான் ராசா, வைச்சுக்கொள்' எண்டு ஒரு சோடியைத் தூக்கி அவன்ர கையில குடுத்திட்டா."

தேவராசா தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அவன் அதிலயே கட்டை அவிட்டான். பற்றறி விழுந்துது. பெடியன் திரும்ப மூடத்தான் பாத்தவன், நான் கண்டனான். பின்னால அவங்கட பெரியவர் நிண்டிட்டார்."

"எங்க இப்ப அவங்க?" என்றாள் இராஜகுமாரி.

"கொண்டு போட்டாங்கள். ஆர் தந்தது எண்டு கேட்டு அடிக்கிறாங்கள். சந்தையில வாங்கினது எண்டு ஒரே சொல்லில நிக்கிறா. உம்மட பேர் வரேல்லை. வராது. நீர் சத்தம் போடாமல் இரும்."

"தெரிஞ்சிருந்தா அவங்க அத நீட்டியிருக்கவே மாட்டாங்க" என்றாள். அதையே இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

நான் வழியை மறித்தேன். இந்த மாதிரி வழக்குகள் எனக்குத் தெரியும். "போகாத. நீ போனா அவங்களுக்கு ஆள் மாறாது. ஆள் கூடும். ரெண்டு பேரையும் வச்சிக்குவாங்க. வக்கீல் ஒருத்தரப் பிடிப்பம்."

"வக்கீலு எப்ப வருவாரு அண்ணே?"

"ஒரு கெழம. ரெண்டு கெழம."

"காலையில மருந்து ஊத்தணும் அவங்க கண்ணுக்கு. மத்தியானம் ஊத்தணும். அங்க எவன் ஊத்துவான்?"

சாஹுல் ஹமீது கதவடிக்கு வந்தார். "புள்ள, எண்பத்து மூணுல நான் பொய் சொன்னது ஒன்ன இப்பிடி அனுப்புறதுக்கா?"

"நீங்க சொன்ன பொய்யி நல்ல பொய்யி நானா. இது அப்பிடி இல்ல." சாம்பல் அட்டை அல்பத்தின் மூலக் கசற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

கண்டிப் பொலிஸில் நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். பற்றறி வைத்தது நான், கிழவிக்குத் தெரியாது, அவரை விடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். எதற்கு வைத்தாய் என்று கேட்டார்கள். பாட்டுக் கேட்க என்றாள். பொறுப்பதிகாரி சிரித்திருக்கிறார். என்ன பாட்டு? வேதப் பாட்டு. போடு பார்ப்போம்.

போட்டார்கள். கிற்றார் கத்தியது. அங்கே கத்தோலிக்கர் ஒருவர் சார்ஜன்டாக இருந்தார், கடற்கரைப் பக்கத்து ஆள். சின்ன வயதிலிருந்து பூசைக்குப் போகிறேன், இப்படி ஒரு வேதப் பாட்டை நான் கேட்டதில்லை என்றார். எட்டாவது பாட்டு வரைக்கும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று இவள் வாதாடியிருக்கிறாள். இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எல்லாம் அந்த இடத்தில்தான் தொங்கியது. அது வேதப் பாட்டு என்றால் பற்றறி பாட்டுக்கு. அது வேதப் பாட்டு இல்லையென்றால் பற்றறி குண்டுக்கு. பொலிஸ் புத்தி அவ்வளவுதான். உன் பாட்டு வேதப் பாட்டு என்று யார் சொல்வார் என்று கேட்டார்கள். அவளுக்குச் சொல்ல ஒரே பெயர் இருந்தது. போதகர் நேசையா.

அழைத்து வந்தார்கள். தன் பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தாராம். முதல் பாட்டை மறுபடி போட்டார்கள். இவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. இது உங்கள் பாட்டா என்று அதிகாரி கேட்டார்.

"எங்கட சபையில இப்பிடிப் பாட்டுப் பாடுறதில்லை" என்றார் போதகர். "இது எங்கட பாட்டு இல்லை."

"ஐயா, வசனத்தக் கேளுங்க ஐயா" என்று இவள் சொன்னாளாம். வசனம் பார்ப்பது கமலாசனியின் வேலை. அன்றைக்குத்தான் இவள் அதைச் செய்தாள். போதகர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பிறகு நான் போதகரைப் போய்க் கண்டேன். அவர் வீட்டு முன்னறையில், இருக்கச் சொல்லவில்லை. "நான் பொய் சொல்லேல்லையே தம்பி" என்றார். உண்மைதான். பொய் சொல்லவில்லை. பொலிஸுக்கு எவ்வளவு உண்மை தேவைப்பட்டதோ அவ்வளவு உண்மையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதை அவர் முகத்துக்கே சொன்னேன். அவருக்கு இரண்டு மகன்மார், பேராதனையில் ஒருவன், கொழும்பில் ஒருவன். தமிழ் இளைஞர்களைப் பிடிக்கிற சுற்றிவளைப்பு நடக்கிற காலம். அதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

அன்று மாலை பொலிஸார் இராஜகுமாரியின் இரண்டு காதிலும் உள்ளங்கையால் சேர்த்து அடித்தார்கள். இடது காதில் இரத்தம் வந்தது. பாட்டுக் கேட்க வந்தவளே, இதைக் கேள் என்று சொல்லி அடித்தார்களாம்.

இராசமணியை விட்டார்கள். விடமாட்டார்கள் என்று நான் சொன்னது பிழையாய்ப் போனது. இராஜகுமாரி கையெழுத்து வைத்த வாக்குமூலத்தின் பேரில் விட்டார்கள். ஆனால் சிகிச்சை செய்த கண் அதற்குள் சீழ் வைத்துப் பழுத்துவிட்டது. கிழவி ஒற்றைக் கண்ணோடு படகேறினார். கசற் அவர் கையிலேயே போய்ச் சேர்ந்தது. பொன்னுத்துரை மறுபடி பெடலைச் சுற்றினாராம். கமலாசனி வாலில் ஒன்றும் பேசவில்லை. அழுதுகொண்டு இருந்தாள் என்று பிறகு யாழ்ப்பாணம் போய் வந்த தேவராசா சொன்னார்.

சங்கம் மனுக் கொடுத்தது. துண்டுப்பிரசுரம் அடித்தோம், தோட்டங்களில் கொடுத்தோம். சிலர் வாங்கினார்கள், பலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சிறையில் அவளைப் பார்க்க அனுமதி கிடைத்தபோது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பேசினேன். அவள் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் ஏதோ ஒரு சபைப் பெண்கள் கிற்றாரோடு வந்து கைதிகளுக்குப் பாடுவார்களாம்.

"எப்பிடிப் பாடுறாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரியாப் போவும்னு பாடுறாங்க. பாடி முடிச்சிட்டு வீட்டுக்குப் போறாங்க."

"அந்த அல்பத்தப் பத்தி இப்ப என்னா நெனைக்கிற?"

கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "அல்பம் நல்லதுதான் அண்ணே. அதுல ஒரு கொறையும் இல்ல. அந்தம்மாகிட்ட சொல்லாம வச்சு அனுப்புனது நானு. அது வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

அவள் விடுதலையாகி வெளியே வந்ததும் சாஹுல் ஹமீது அவளைப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தார். கண்டியில் வேறு யாரும் வேலை கொடுத்திருக்க மாட்டார்கள். பதிந்த கசற்றில் இடது பக்கச் சத்தம் விழுந்திருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியாது. அதைச் சாஹுல் ஹமீது ஹெட்போனை வாங்கிக் கேட்டுச் சொல்வார். ஒலி பற்றி ஒன்றும் விளங்காத மனிதர், "ஈக்கி புள்ள, ஈக்கி" என்பார். வருகிறவர்கள் வலது பக்கம் நின்று பேசப் பழகிக்கொண்டார்கள்.

அவள் மேல் வழக்குப் போடவில்லை. நீதிமன்றத்தில் ஒரு குற்றச்சாட்டும் வாசிக்கப்படவில்லை. விடும்போது ஏன் பிடித்தோம் என்றும் சொல்லவில்லை, ஏன் விடுகிறோம் என்றும் சொல்லவில்லை. உள்ளே வைத்திருந்தது முப்பத்தொரு மாதம்.